பால் பிரையண்ட்

பால் வில்லியம் பிரையண்ட் (செப்டம்பர் 11, 1913 – ஜனவரி 26, 1983) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புகழ்பெற்ற கல்லூரிக் காற்பந்துப் பயிற்றுநர் ஆவார். ஆங்கிலத்தில் கரடியைக் குறிக்கும் பேர் என்ற பட்டப்பெயருடன் சேர்த்து, பேர் பிரையண்ட் என்றே இவர் பரவலாக அறியப்படுகிறார். மேரிலாந்து, கென்டக்கி, டெக்சஸ் ஏ&எம், அலபாமா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களில் மொத்தம் 38 பருவங்கள் தலைமைப் பயிற்றுநராகப் பணியாற்றினார். ஓய்வு பெற்றபோது இவருடைய அணிகள் 323 வெற்றிகளையும் 85 தோல்விகளையும் 17 சமன்களையும் பெற்றிருந்தன. அந்நாளில் உயர்நிலைப் பிரிவுக் கல்லூரிக் காற்பந்தில் வேறு எந்தப் பயிற்றுநரும் இத்தனை வெற்றிகளைப் பெற்றதில்லை. அலபாமா அணி இவர் காலத்தில் 1961, 1964, 1965, 1973, 1978, 1979 ஆகிய ஆறு ஆண்டுகளில் தேசிய வாகையர் பட்டத்தை வென்றது.

இக்கட்டுரையில் காற்பந்து எனக் குறிப்பிடப்படுவது, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கக் காற்பந்தாட்டம் ஆகும்.

பின்னணி

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கல்லூரிக் காற்பந்து ஒரு விளையாட்டு என்பதையும் தாண்டி மாநிலத்தின் பெருமையாகக் கருதப்படுகிறது. கல்லூரி அணிகளுக்குத் தேவையான ஆட்டக்காரர்கள் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து வருகின்றனர். பள்ளி இறுதியாண்டில் சிறப்பாக ஆடும் மாணவர்களின் வீடுகளுக்குப் பல பல்கலைக்கழகங்களின் பயிற்றுநர்கள் நேரில் சென்று, பெற்றோருடன் பேசி, கல்விக் கட்டணம், உணவு, தங்குமிடம் ஆகியவற்றை உள்ளடக்கிய உதவித்தொகையை அளிக்க முன்வருவர். எனவே ஒரு பயிற்றுநர் வேறு பல்கலைக்கழகத்துக்குச் செல்லப்போகிறார் என்ற செய்தி பரவினால், களத்தில் இருக்கும் அணி மட்டுமன்றி, அடுத்த ஆண்டு எங்கே சேர்வது என்று தீர்மானிக்காத பள்ளி மாணவர்களும் கலங்குகின்றனர். பிரையண்டின் வாழ்வில் இத்தகைய மாற்றங்கள் பலமுறை நிகழ்ந்தன.

இளமைக் காலம்

பிரையண்ட் ஆர்கன்சா மாநிலத்தில் போர்டைசு நகருக்கு அருகிலுள்ள மோரோ பாட்டம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வில்சன் மன்றோ பிரையண்ட், தாய் ஐடா கில்கோர் பிரையண்ட். பன்னிரண்டு பிள்ளைகளில் இவர் பதினோராவது ஆவார். குடும்பம் விவசாயத்தை நம்பியிருந்தது, வறுமை மிகுந்திருந்தது. 13 வயதில், ஊருக்கு வந்த ஒரு காட்சிக் குழுவின் கரடியுடன் மற்போர் செய்ய முன்வந்ததால் இவருக்குக் கரடி என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது. அப்பெயர் வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிட்டது.

போர்டைசு உயர்நிலைப் பள்ளியின் காற்பந்து அணியில் ஆடிய பிரையண்ட், 1930 ஆம் ஆண்டு மாநில வாகையர் பட்டம் வென்ற குழுவில் இடம்பெற்றார். அலபாமா பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்றுநர் ஹாங்க் கிரிஸ்ப் இவருடைய திறமையைக் கண்டு 1931 இல் டஸ்கலூசா நகருக்கு அழைத்து வந்தார். அப்போது பிரையண்ட் பள்ளிப்படிப்பை முழுமையாக முடித்திருக்கவில்லை. ஆகவே பல்கலைக்கழக அணியுடன் பயிற்சி செய்துகொண்டே, டஸ்கலூசாவிலிருந்த உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து எஞ்சிய பாடங்களை முடித்தார். ஒரு சிற்றூர்ப் பள்ளி மாணவனின் வாழ்வை ஓர் உதவித்தொகை எவ்வளவு மாற்றக்கூடும் என்பதற்கு இவரே முதல் எடுத்துக்காட்டாக விளங்கினார்.

ஆட்டக்காரராக

பிராங்க் தாமஸ் என்பவரின் பயிற்சியின் கீழ், வரிசையின் ஓரத்தில் நின்று ஆடும் எண்ட் என்ற இடத்தில் பிரையண்ட் ஆடினார். மறுமுனையில் ஆடியவர், அதே ஆர்கன்சா மாநிலத்திலிருந்து வந்த டான் ஹட்சன் ஆவார். ஹட்சனின் புகழுக்கு முன் பிரையண்ட் மற்றொரு எண்ட் என்றே குறிப்பிடப்பட்டார். 1934 பருவத்தில் அலபாமா தோல்வியின்றி ஆடி, 1935 ஜனவரி 1 அன்று நடைபெற்ற ரோஸ் பவுல் போட்டியில் ஸ்டான்போர்டை 29-13 என்ற கணக்கில் வென்றது. 1935 இல் டென்னசி அணிக்கு எதிராகக் கால் எலும்பு முறிந்த நிலையிலும் பிரையண்ட் களமிறங்கினார். அதே ஆண்டில் மேரி ஹார்மன் பிளாக்கை மணந்தார்.

1936 முதல் அலபாமாவிலும் 1940 முதல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலும் உதவிப் பயிற்றுநராக இருந்தார். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து கடற்படையில் சேர்ந்தார். 1943 இல் இவர் பயணம் செய்த கப்பல் அட்லாண்டிக் பெருங்கடலில் ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதியது, பிரையண்ட் உயிர்தப்பினார்.

மேரிலாந்தும் கென்டக்கியும்

1945 இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநரானார். கடற்படைப் பயிற்சி முகாமில் தம்மிடம் ஆடியவர்கள் பலரை உடன் அழைத்து வந்து, முதற்பருவத்திலேயே 6 வெற்றிகளைப் பெற்றார். ஆனால் பிரையண்ட் ஒழுங்கு மீறலுக்காக விலக்கிய ஓர் ஆட்டக்காரரைப் பல்கலைக்கழகத் தலைவர் கர்லி பேர்ட் மீண்டும் சேர்த்துக்கொண்டார். பிரையண்டின் உதவியாளர் ஒருவரையும் பணிநீக்கம் செய்தார். இதனால் பிரையண்ட் ஒரே பருவத்தில் விலகினார். மாணவர்கள் கிளர்ச்சியில் ஈடுபட்டும் அவர் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

1946 முதல் 1953 வரை கென்டக்கி பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அடால்ப் ரப்பின் கூடைப்பந்து அணியால் புகழ்பெற்றிருந்த அப்பல்கலைக்கழகத்தில் காற்பந்து இரண்டாம் இடத்திலேயே இருந்தது. பிரையண்ட் தொலைவிலிருந்த பள்ளிகளிலும் ஆட்டக்காரர்களைத் தேடினார். பேப் பரிலி பென்சில்வேனியாவிலிருந்து வந்தவர். 1950 இல் கென்டக்கி முதன்முறையாகத் தென்கிழக்குக் கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது. 1951 ஜனவரி 1 அன்று சுகர் பவுல் போட்டியில் ஒக்லகோமாவை 13-7 என்று வென்று, அவ்வணியின் 31 ஆட்டத் தொடர் வெற்றிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. எனினும் கூடைப்பந்தின் நிழலிலிருந்து விலக விரும்பிய பிரையண்ட் 1954 தொடக்கத்தில் டெக்சஸ் ஏ&எம் சென்றார்.

டெக்சஸ் ஏ&எம்

1954 செப்டம்பரில் பிரையண்ட் தம் புதிய அணியை டெக்சசின் ஜங்சன் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். கடும் வறட்சியிலும் வெயிலிலும் பத்து நாட்கள் பயிற்சி நடைபெற்றது. அக்கால வழக்கப்படி பயிற்சியின்போது தண்ணீர் அருந்த அனுமதி இல்லை. வெப்ப மயக்கத்தால் வீழ்ந்தவர்களும் உண்டு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே இறுதிவரை தாக்குப்பிடித்தனர். மற்றவர்கள் இரவோடு இரவாக வெளியேறினர். எஞ்சியோர் ஜங்சன் சிறுவர்கள் என்று அழைக்கப்பட்டனர். ஜாக் பார்டி, ஜீன் ஸ்டாலிங்ஸ் ஆகியோர் இவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். அவ்வாண்டு அணி ஒரே ஒரு வெற்றியையும் 9 தோல்விகளையும் பெற்றது. இம்முகாம் மன உறுதியின் அடையாளமாக நெடுங்காலம் போற்றப்பட்டது. இன்றைய விளையாட்டு மருத்துவ அறிவின்படி அது உயிருக்கே ஆபத்தான முறையாகும். பிரையண்டும் பின்னாளில் அதற்காக வருந்தினார்.

வீரர் சேர்ப்பு விதிகளை மீறியதற்காக அணி தண்டிக்கப்பட்டது. ஆயினும் 1956 இல் தோல்வியே இன்றி 9 வெற்றிகளும் ஒரு சமனும் பெற்றுத் தென்மேற்குக் கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது. தண்டனை காரணமாக அவ்வாண்டு பருவ இறுதிப் பவுல் போட்டி எதிலும் பங்கேற்க இயலவில்லை.

1957 இன் வதந்தி

1957 பருவத்தில் டெக்சஸ் ஏ&எம் முதல் 8 ஆட்டங்களையும் வென்று நாட்டின் முதலிடத்தில் இருந்தது. லூசியானாவின் ஸ்பிரிங்ஹில் ஊரைச் சேர்ந்த ஜான் டேவிட் குரோ அவ்வணியின் முதன்மை ஆட்டக்காரர் ஆவார்.

அதே வேளையில் அலபாமா பல்கலைக்கழகம் தாழ்நிலையை அடைந்திருந்தது. ஜே. பி. விட்வொர்த்தின் பயிற்சியில் 1955 முதல் 1957 வரை மூன்று பருவங்களில் 4 வெற்றிகளும் 24 தோல்விகளும் 2 சமன்களுமே கிடைத்தன. அதே மாநிலத்தின் போட்டிப் பல்கலைக்கழகமான ஆபர்னோ 1957 இல் அலபாமாவை 40-0 என்று வென்று, தேசிய வாகையர் பட்டத்தையும் பெற்றது. மாநிலத்தின் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்கள் டஸ்கலூசாவைத் தவிர்த்து ஆபர்னை நாடுவர் என்ற அச்சம் அலபாமாவின் முன்னாள் மாணவர்களிடையே நிலவியது. அவர்கள் தம் பழைய ஆட்டக்காரரான பிரையண்டைத் திரும்ப அழைக்க முயன்றனர்.

இம்முயற்சி குறித்த செய்தி நவம்பர் நடுப்பகுதியில், ரைஸ் அணியுடனான ஆட்டத்துக்குச் சற்று முன்னர் வெளியில் கசிந்தது. நவம்பர் 16 அன்று டெக்சஸ் ஏ&எம் 7-6 என ஒரே புள்ளியில் தோற்றது. அடுத்து டெக்சஸ் பல்கலைக்கழகத்திடம் 9-7 என்றும், கேட்டர் பவுல் போட்டியில் டென்னசியிடம் 3-0 என்றும் தோற்றது. மூன்று தோல்விகளின் மொத்த வேறுபாடு 6 புள்ளிகளே. பயிற்றுநர் நிலைக்கமாட்டார் என்ற பேச்சே வீரர்களின் கவனத்தைச் சிதறடித்தது எனப் பலரும் கருதினர். கைக்கு எட்டிய தேசியப் பட்டம் நழுவியது. குரோவுக்கு அவ்வாண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை கிடைத்தது. பிரையண்டின் நீண்ட பணியில் அக்கோப்பையை வென்ற ஒரே ஆட்டக்காரர் அவரே.

டிசம்பர் தொடக்கத்தில் பிரையண்டின் நியமனம் அறிவிக்கப்பட்டது. டெக்சஸ் ஏ&எம் உடனான ஒப்பந்தக் காலம் அப்போது முடிந்திருக்கவில்லை. தாய் அழைத்தால் பிள்ளை செல்ல வேண்டும் என்ற கருத்துப்படவே அவர் தம் முடிவுக்கு விளக்கம் அளித்தார். ஜங்சனில் அவருக்காகத் துன்புற்று, பட்டம் வெல்லும் நிலைக்கு வந்திருந்தவர்களுக்கு அவ்விளக்கம் முழு ஆறுதலாக அமைந்திருக்க இயலாது.

அலபாமாவின் எழுச்சி

1958 இல் அலபாமா 5 ஆட்டங்களை வென்றது. இது முந்தைய மூன்று பருவங்களின் மொத்த வெற்றிகளைவிட ஒன்று அதிகமாகும். பிரையண்ட் மாநிலத்தின் சிற்றூர்ப் பள்ளிகளில் கவனம் செலுத்தினார். ஸ்காட்ஸ்பரோவைச் சேர்ந்த பாட் டிராமல், எக்செல் ஊரைச் சேர்ந்த லீ ராய் ஜோர்டன், டஸ்கலூசாவை அடுத்துள்ள நார்த்போர்ட்டைச் சேர்ந்த பில்லி நெய்பர்ஸ் ஆகிய அலபாமா இளைஞர்கள் 1961 அணியின் தூண்களாக விளங்கினர். 11 ஆட்டங்களையும் வென்ற அவ்வணி, பருவம் முழுவதும் எதிரணிகளுக்கு 25 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்தது. அணியை வழிநடத்திய டிராமல் பின்னர் மருத்துவரானார். 1968 இல் புற்றுநோயால் இளவயதிலேயே காலமானார்.

வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களுள் பென்சில்வேனியாவின் ஜோ நேமத் புகழ்பெற்றவர். 1963 இறுதியில் ஒழுங்கு மீறலுக்காக நேமத்தை இரண்டு ஆட்டங்களிலிருந்து பிரையண்ட் விலக்கினார். மறு ஆண்டு நேமத் இடம்பெற்ற அணி தேசியப் பட்டத்தை வென்றது. போலி ஊரைச் சேர்ந்த கென் ஸ்டேப்லர் 1966 அணியை 11 வெற்றிகளுக்கு இட்டுச் சென்றார்.

1963 இல் ஒரு வார இதழ், ஜார்ஜியாவின் வாலி பட்ஸ் என்பவருடன் சேர்ந்து பிரையண்ட் ஓர் ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே தீர்மானித்ததாகக் குற்றம் சாட்டியது. இருவரும் வழக்குத் தொடர்ந்தனர். பிரையண்டின் வழக்கு 300,000 டாலர் இழப்பீட்டுடன் சமரசமாக முடிந்தது.

நிறப்பாகுபாடும் உள்ளூர்த் திறமையும்

அலபாமாவின் உள்ளூர்த் திறமையில் ஒரு பெரும் பகுதி இந்த வெற்றிகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தது. 1963 ஜூனில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், கறுப்பின மாணவர்கள் இருவர் சேர்வதைத் தடுக்கப் பல்கலைக்கழக அரங்கின் வாயிலிலேயே நின்றார். மாணவர்கள் சேர்ந்த பின்னரும் காற்பந்து அணி வெள்ளையர் அணியாகவே தொடர்ந்தது. மாநிலத்தின் கறுப்பினப் பள்ளி ஆட்டக்காரர்கள், கறுப்பினத்தவருக்காக நிறுவப்பட்ட கல்லூரிகளுக்கோ வட, மேற்கு மாநிலங்களுக்கோ சென்றனர். 1966 இல் தோல்வியே காணாத அலபாமாவுக்குத் தேசியத் தரவரிசையில் மூன்றாம் இடமே கிடைத்தது. இரண்டாம் இடம் பெற்ற மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக அணியில், டெக்சசின் பப்பா சுமித் போன்று தெற்கிலிருந்து சென்ற கறுப்பின ஆட்டக்காரர்கள் முன்னணியில் இருந்தனர்.

1967 வசந்தகாலப் பயிற்சியில் கறுப்பின மாணவர்கள் ஐவர் உதவித்தொகை இன்றித் தாமாக முன்வந்து கலந்துகொண்டனர். எனினும் அவர்களில் எவரும் முதன்மை அணியின் ஆட்டத்தில் களமிறங்கவில்லை. 1969 இல் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர் அமைப்பு, கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்க முயலவில்லை என்று வழக்குத் தொடுத்தது. அவர்களுக்காக வாதாடிய யு. டபிள்யூ. கிளெமன் பிற்காலத்தில் அலபாமாவின் முதல் கறுப்பினக் கூட்டாட்சி நீதிபதியானார். அதே ஆண்டு இறுதியில் ஓசார்க் நகரின் பள்ளி ஆட்டக்காரர் வில்பர் ஜாக்சன் உதவித்தொகையை ஏற்றுக்கொண்டார். 1970 இல் சேர்ந்த ஜாக்சனே காற்பந்து உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின மாணவர் ஆவார். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட அக்கால விதி இடமளிக்கவில்லை.

1970 செப்டம்பர் 12 அன்று பர்மிங்காமில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் அலபாமாவை 42-21 என்று வென்றது. அவ்வணியின் கறுப்பின ஆட்டக்காரர் சாம் கன்னிங்காம் 135 கெஜங்கள் ஓடி இரண்டு டச் டவுன்களை எடுத்தார். இந்த ஆட்டமே அலபாமாவின் மனத்தை மாற்றியது என்ற கதை பரவலாக உள்ளது. ஆனால் ஜாக்சன் அதற்கு முன்னரே சேர்க்கப்பட்டுவிட்டார். அவர் அன்று பார்வையாளர் வரிசையில் இருந்தார். ஆட்டம் மாற்றத்தைத் தொடங்கவில்லை. மாற்றத்துக்கு இருந்த எதிர்ப்பைத் தணித்தது எனலாம்.

மொபைல் நகரைச் சேர்ந்த ஜான் மிட்செல் அரிசோனாவில் ஓர் இளநிலைக் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தார். அவரைச் சேர்க்கத் தென் கலிபோர்னியா எண்ணியிருப்பதை அதன் பயிற்றுநர் ஜான் மெக்கேயிடமிருந்து அறிந்த பிரையண்ட், தாமே முந்திக்கொண்டார். 1971 செப்டம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சலசில் அலபாமா 17-10 என்று பழிதீர்த்தது. அன்று களமிறங்கிய மிட்செல், அலபாமாவின் முதன்மை அணியில் ஆடிய முதல் கறுப்பினத்தவரானார். 1973 இல் அவரே அலபாமாவின் முதல் கறுப்பின உதவிப் பயிற்றுநரும் ஆனார். டஸ்கலூசாவின் சில்வெஸ்டர் குரூம், லெய்ட்டன் ஊரின் ஓசி நியூசம் ஆகியோர் தொடர்ந்து வந்தனர். குரூம் 2003 இல் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தில் நியமிக்கப்பட்டு, தென்கிழக்குக் கூட்டமைப்பின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநரானார்.

ஆளுநரின் எதிர்ப்பால் பிரையண்ட் முன்னரே செயற்பட இயலவில்லை என்று ஒரு சாராரும், அவருக்கு இருந்த செல்வாக்குக்கு இன்னும் முன்பே செய்திருக்கலாம் என்று மறு சாராரும் கருதுகின்றனர். இழப்பின் அளவுக்கு ஒரு சான்று உண்டு. டஸ்கலூசாவிலேயே பிறந்த ஜான் ஸ்டால்வொர்த், 1970 களின் தொடக்கத்தில் கறுப்பினத்தவருக்கான அலபாமா ஏ&எம் பல்கலைக்கழகத்தில் ஆடினார். பின்னர் தொழில்முறைக் காற்பந்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார்.

மீண்டும் வதந்தியும் பொற்காலமும்

1969, 1970 பருவங்களில் அலபாமா தலா 6 வெற்றிகளை மட்டுமே பெற்றது. பிரையண்டின் காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சு எழுந்தது. இதனிடையே மயாமி டால்பின்ஸ் என்னும் தொழில்முறை அணி அவரை அழைத்தது. நெடிய ஆலோசனைக்குப் பின் அவர் அலபாமாவிலேயே தங்கினார். டால்பின்ஸ் 1970 இல் டான் சூலாவை நியமித்தது.

1971 இல் பிரையண்ட், டெக்சசின் டாரல் ராயலிடமிருந்து விஷ்போன் என்னும் ஓட்ட ஆட்ட முறையைக் கற்று, அதை மறைவாகப் பயிற்றுவித்து அறிமுகப்படுத்தினார். 1971 முதல் 1979 வரையான 9 பருவங்களில் 8 முறை தென்கிழக்குக் கூட்டமைப்பின் பட்டம் கிடைத்தது. 1979 ஜனவரி 1 அன்று சுகர் பவுலில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தை எல்லைக்கோட்டருகே தடுத்து நிறுத்தி 14-7 என்று வென்ற ஆட்டம் புகழ்பெற்றது. 1981 நவம்பர் 28 அன்று ஆபர்னை 28-17 என்று வென்று 315 ஆவது வெற்றியைப் பெற்றார். இதன்மூலம் ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக்கின் சாதனை முறியடிக்கப்பட்டது.

இறுதிப் பருவமும் மறைவும்

1982 இல் பிரையண்டின் உடல்நிலை குன்றியிருந்தது. அடுத்த பயிற்றுநர் யார் என்ற பேச்சு பருவம் முழுவதும் நீடித்தது. நவம்பர் 27 அன்று ஆபர்ன் 23-22 என்று வென்று, 9 ஆண்டுத் தொடர் தோல்வியை முடித்தது. வரிசைக்கு மேலே பாய்ந்து வெற்றிக்கான டச் டவுனை எடுத்தவர், பர்மிங்காமை அடுத்த பெசமர் நகரைச் சேர்ந்த முதலாண்டு மாணவர் போ ஜாக்சன் ஆவார். ஒரு தலைமுறைக்கு முன் மாநிலத்தின் இரு பெரும் பல்கலைக்கழக அணிகளிலும் இடம் பெற்றிருக்க முடியாத அந்தக் கறுப்பின இளைஞர், 1985 இல் ஹைஸ்மன் கோப்பையை வென்றார்.

டிசம்பர் 15 அன்று பிரையண்ட் ஓய்வை அறிவித்தார். தம்மிடம் ஆடிய ரே பெர்கின்ஸ் அடுத்த பயிற்றுநரானார். டிசம்பர் 29 அன்று லிபர்ட்டி பவுலில் இல்லினாயை 21-15 என்று வென்றதே இவருடைய இறுதி ஆட்டம். நான்கு வாரங்கள் கழித்து, 1983 ஜனவரி 26 அன்று டஸ்கலூசாவில் மாரடைப்பால் காலமானார். டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்காம் எல்ம்வுட் கல்லறைத் தோட்டம் வரை நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் மக்கள் திரண்டு நின்றனர். அவர் அணிந்திருந்த ஒரே மோதிரம், ஜங்சன் சிறுவர்கள் அளித்தது.

நினைவு

டஸ்கலூசா விளையாட்டரங்கம் 1975 இல், இவர் உயிருடன் இருந்தபோதே, பிரையண்ட்–டென்னி அரங்கம் எனப் பெயர் மாற்றப்பட்டது. 1983 இல் குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரேகன் மறைவுக்குப் பிந்தைய விடுதலைப் பதக்கத்தை வழங்கினார். 1988 இல் இவர் பெயரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஜங்சன் சிறுவர்களுள் ஒருவரான ஜீன் ஸ்டாலிங்ஸ், 1992 இல் அலபாமாவுக்குத் தேசியப் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். இவருடைய ஆறு தேசியப் பட்டங்களுக்கு நிகராக நிக் சேபன் 2007 முதல் 2023 வரை அலபாமாவில் ஆறு பட்டங்களை வென்றார்.

தம்மிடம் ஆடியவர்களின் பிள்ளைகள் அலபாமா பல்கலைக்கழகத்தில் பயில பிரையண்ட் ஓர் உதவித்தொகை நிதியையும் ஏற்படுத்தினார். மோரோ பாட்டத்திலிருந்து தம்மை வெளியே கொண்டுவந்ததும் அத்தகைய ஓர் உதவித்தொகையே ஆகும்.